பள்ளியில் டிசைன் அண்ட் டெக்னாலஜி: ஓர் அலமாரியும் நாற்பது பிள்ளைகளும் இருந்தால் எங்கிருந்து தொடங்குவது?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் மீடியம் உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார். எட்டு, ஒன்பது வகுப்புகளுக்கு ‘டிசைன் அண்ட் டெக்னாலஜி’ தொடங்கச் சொல்லி எச்.எம். பொறுப்பைக் கொடுத்திருக்கிறார். வாரத்துக்கு 2 பீரியட், வகுப்புக்கு 40 பிள்ளைகள். தனி லேப் இல்லை. ஓர் இரும்பு அலமாரியும் பழைய டெஸ்க்குகளும்தான் உண்டு. எதிலிருந்து ஆரம்பிப்பது, என்னென்ன வாங்குவது, மார்க் எப்படிப் போடுவது, பள்ளி மேளாவுக்கு (மாணவர் கண்காட்சிக்கும் போட்டிக்கும்) கொண்டுபோக முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

லேப் இல்லாததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் டீச்சர். முதலில் தெளிவாக வேண்டியது, இது ஏற்கெனவே இருக்கிற வொர்க் எக்ஸ்பீரியன்ஸ் (வேலை அனுபவம்) பாடத்திலிருந்து எங்கே பிரிகிறது என்பது. வொர்க் எக்ஸ்பீரியன்ஸில் கயிற்று மிதியடியோ குடையோ செய்யும்போது, என்ன செய்யப்போகிறோம் என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டது. கை பழகுவதுதான் அங்கே பாடம். அது நல்ல பாடம், விட்டுவிடக் கூடாது. டிசைனில் அதற்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது: யாருக்கு என்ன சிரமம், அதற்கு என்ன செய்யலாம், இருக்கிற வழிகளில் எது ஏன் நல்லது என்று பிள்ளையே முடிவெடுக்க வேண்டும். செய்து முடித்தபின் இன்னொரு கட்டமும் இருக்கிறது: நினைத்தபடி வேலை செய்கிறதா என்று அளந்து பார்த்து, மாற்றிச் செய்வது. நாற்பது பேரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரே பொருளைக் கொண்டுவந்தால் அங்கே கைவேலை நடந்திருக்கும், டிசைன் நடந்திருக்காது.

இந்தப் பாடத்துக்கு நம் நாட்டிலும் வேர் உண்டு. 1964–66 கோத்தாரி கமிஷன் வேலை அனுபவத்தைப் பள்ளிக் கல்வியின் பகுதியாக்கச் சொன்னது. இங்கிலாந்தில் டிசைன் அண்ட் டெக்னாலஜி 1990 முதல் தேசியப் பாடத்திட்டத்தில் ஒரு பாடம். மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம், பை தைப்பது, காற்றாலை மாதிரி, பொம்மலாட்டம் ஆகியவற்றை வைத்து நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை உருவாக்கிச் சோதித்திருக்கிறது. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் நடத்தலாம் என்பதற்கு அந்த மூன்று தலைப்புகளே சாட்சி.

எச்.எம்.மிடம் முதலில் கேட்க வேண்டியது, அந்த 2 பீரியடும் அடுத்தடுத்து வர வேண்டும் என்பது. ஒரு பீரியட் தனியாகக் கிடைத்தால், சாமான் எடுத்துக்கொடுக்கப் பத்து நிமிடம், திரும்ப எண்ணி வைக்கப் பத்து நிமிடம் போக, வேலைக்கு மிஞ்சுவது இருபது நிமிடம்தான். அதில் ஒட்டிய பசைகூடக் காயாது. நாலு பேருக்கு ஒரு குழு, மொத்தம் பத்துக் குழு. ஒவ்வொரு குழுவுக்கும் எண் எழுதிய ஓர் அட்டைப்பெட்டி. அரைகுறையாக நிற்கும் வேலை அதற்குள் போய் அலமாரியில் தூங்கட்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். அனுப்பினால் மறுவாரம் அப்பாவோ மாமாவோ செய்த அழகான பொருள் வரும், பிள்ளை கற்றது ஒன்றும் இருக்காது.

கருவிகள் கொஞ்சம் போதும். பத்து ஸ்டீல் ஸ்கேல், பத்து மூலைமட்டம், பத்துப் பேப்பர் கட்டர், நாலு 25 வாட் சால்டரிங் அயர்ன் (ஈயத்தை உருக்கி ஒட்டும் கருவி), இரண்டு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் (வோல்ட், ஓம் அளக்கும் மீட்டர்), ஒரு வயர் ஸ்ட்ரிப்பர், ஒரு சின்னக் கை டிரில், பத்துப் பாதுகாப்புக் கண்ணாடி. பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ எல்லாமே கிடைக்கும். பிளாஸ்டிக் ஸ்கேலை ஓரமாக வைத்துக் கட்டரால் அறுக்க விடாதீர்கள். கத்தி பிளாஸ்டிக்கைச் சீவிக்கொண்டு விரலுக்கு ஏறிவிடும்.

முதல் ஐந்தாறு வாரத்துக்கு ஒரே வேலை: படிக்கும்போது பாடப்புத்தகத்தைச் சாய்த்து நிறுத்தும் அட்டை ஸ்டாண்ட். எளிதாகத் தெரியும், ஆனால் அளவு, வரைபடம், பொருளின் குணம், கனம் எங்கே விழுகிறது என்ற நான்கும் இதற்குள் வந்துவிடும். பொருள், பலசரக்குக் கடையில் சும்மா கிடைக்கும் மூன்று அடுக்கு நெளி அட்டை.

வரைவதற்கு முன் புத்தகத்தை அளக்கட்டும், தராசில் நிறுக்கட்டும். பிறகு ஒவ்வொருவரும் பத்து நிமிடத்தில் மூன்று வெவ்வேறு யோசனைகளைப் பென்சிலால் கிறுக்க வேண்டும். ரப்பர் கிடையாது. அழித்து அழித்து ஒன்றையே அழகாக்கும் பிள்ளை இரண்டாவது யோசனைக்குப் போகவே போகாது. குழுவாக உட்கார்ந்து பன்னிரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். ஏன் என்று ஒரு வரி எழுதட்டும். “நல்லாயிருக்கு” என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். “மடக்கிப் பையில் வைக்கலாம்”, “ஒரே அட்டையில் வெட்டிவிடலாம்” என்று வந்தால்தான் அது காரணம்.

தேர்ந்தெடுத்ததை அளவோடு வரையும்போது முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் மூன்றும் வேண்டும். நம் நாட்டில் முதல் கோண முறை. மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். வீடியோ பார்த்துப் பழகிய பிள்ளைகள் அமெரிக்க வழக்கப்படி மேலே போட்டுவிடுவார்கள். தப்பு என்று அடிக்காமல், எந்த முறை என்று தாளின் மூலையில் எழுதச் சொல்லுங்கள். 1:2 அளவு போதும். எல்லா அளவும் மில்லிமீட்டரில் இருக்கட்டும். சென்டிமீட்டரும் மில்லிமீட்டரும் கலந்தால் 2.5 எங்கோ 25 ஆகி, 25 எங்கோ 2.5 ஆகி, அட்டை வீணாகும்.

வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை. 200 × 50 மி.மீ. அளவில் இரண்டு துண்டு. ஒன்றில் நெளிவு நீளவாக்கில் ஓட வேண்டும், மற்றதில் குறுக்குவாக்கில். இரண்டு புத்தகத்துக்கு நடுவே பாலம் மாதிரி வைத்து மேலே நாணயங்களை அடுக்கட்டும். குறுக்கு நெளிவுத் துண்டு சீக்கிரமே மடிந்துவிடும், நீள நெளிவு தாங்கும். ஸ்டாண்டின் கால்களில் நெளிவு நின்றவாக்கில் இருக்க வேண்டும் என்பதை இதற்குப் பிறகு யாரும் மறக்க மாட்டார்கள்.

கால்களும் குறுக்குத் துண்டும் ஒன்றுக்குள் ஒன்று செருகும் காடியில் நிற்கட்டும், பசையே தேவைப்படாது. காடியின் அகலம் அட்டையின் பருமனைப் பொறுத்தது. ஓர் அட்டையை ஸ்கேலால் அளந்தால் சரியாக வராது. பத்துத் துண்டை அடுக்கி அளந்து பத்தால் வகுக்கச் சொல்லுங்கள். 3 மி.மீ. என்று வந்தால் காடியை 2.5 மி.மீ. வெட்டினால் இறுக்கமாக நிற்கும். 4 மி.மீ. வெட்டிய குழுவின் ஸ்டாண்ட் ஆடும். காடியின் ஆழம், துண்டின் உயரத்தில் பாதியும் கூட ஒரு மில்லிமீட்டரும். சரியாகப் பாதி வெட்டினால் அடிப்பக்கம் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வராமல் ஒரு கால் தூக்கிக்கொள்ளும். கட்டரை ஒரே அழுத்தில் இறக்கக் கூடாது. லேசாக மூன்று நான்கு முறை இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் அறுத்தால் நெளிவு நசுங்கி ஓரம் கிழியும். நுனி மழுங்கிய கட்டர்தான் அதிகம் வழுக்கிக் கையைக் கிழிக்கும், அதனால் பிளேடின் ஒரு கண்ணியை அவ்வப்போது நீங்களே ஒடித்து, ஒடித்த துண்டை ஒரு தகர டப்பாவில் போடுங்கள்.

பத்தில் பாதி ஸ்டாண்டாவது முதல் தடவை பின்னால் சாயும். புத்தகத்தின் கனம் நேர்கீழே இறங்கும் கோடு பின்காலைத் தாண்டி விழுவதுதான் காரணம். ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டி, புத்தகத்தின் நடுவிலிருந்து பக்கவாட்டில் தொங்கவிட்டால் கண்ணுக்கே தெரியும். காலை நீட்டுவதா, சாய்வைக் குறைத்து நிமிர்த்துவதா என்று குழு முடிவெடுக்கட்டும். நிமிர்த்தினால் புத்தகம் முன்னால் சரியும், அப்போது கீழ்த்தடுப்பு உயர வேண்டும். தடுப்பு உயர்ந்தால் பக்கத்தின் கடைசி வரி மறையும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று இடறும் என்பதைப் பிள்ளை கையால் தொட்டுப் பார்க்கும் இடம் இது. இங்கே அவசரப்படுத்த வேண்டாம். ஒரு வாரம் கூடுதலாகப் போனாலும் போகட்டும்.

இரண்டாவது வேலையை ஊரிலிருந்தே எடுங்கள். வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை எல்லாம் மழை மறைவுப் பகுதி. கேரளம் முழுக்க மழை கொட்டும்போதும் இங்கே போர்வெல் தண்ணீரை எண்ணித்தான் செலவழிக்கிறார்கள். அந்தத் தண்ணீரும் மாடித் தொட்டி நிறைந்து சுவரோரமாக வழிந்து போவதைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். மோட்டார் போட்டவர் மறந்துவிடுகிறார். வழிகிற சத்தம் கேட்டுத்தான் ஓடி வருகிறார். தொட்டி நிறைந்ததும் சத்தம் போட்டுக் கூப்பிடும் ஓர் அலாரம் எட்டாம் வகுப்பின் கைக்கு எட்டுகிற வேலை.

சர்க்யூட்டுக்குப் போகுமுன் ஒரு வாரம் விசாரணை. வீட்டில் மோட்டார் போடுவது யார், நிறைந்ததை இப்போது எப்படித் தெரிந்துகொள்கிறார், அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார் என்ற மூன்று கேள்வி. கூடவே ஓர் அளவு: வழியும் குழாயின் கீழே 15 லிட்டர் வாளியை வைத்து நிறைய எத்தனை வினாடி என்று பார்க்க வேண்டும். 30 வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 30 லிட்டர். பத்து நிமிடம் மறந்தால் 300 லிட்டர் போச்சு. இந்தக் கணக்கு நோட்டில் இருந்தால், பிறகு அலாரம் எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்று ஒப்பிட முடியும். தொட்டியின் மேல் ஏறிப் பார்ப்பது பெரியவர்கள் வேலை, பிள்ளைகள் ஏறக் கூடாது என்பதை வீட்டுக்கு எழுதி அனுப்புங்கள்.

ஒரு குழுவுக்குத் தேவை: பிசி 547 டிரான்சிஸ்டர் 1 (கெட்டுப்போனால் மாற்ற இன்னொன்று), 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 1, 100 கிலோ ஓம் 1, 1 கிலோ ஓம் 1, சிவப்பு எல்இடி 1, தானே ஒலிக்கும் ஆக்டிவ் பஸ்ஸர் 1, 9 வோல்ட் பேட்டரியும் அதன் தொப்பியும், சின்ன சுவிட்ச், ஒரு பிரெட்போர்டு (சால்டர் செய்யாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் துளைப் பலகை), துருப்பிடிக்காத இரண்டு எவர்சில்வர் ஸ்குரூ, இரட்டை வயர். பஸ்ஸரைக் கடையிலேயே 9 வோல்டில் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். தொட்டதும் ‘டிக்’ என்று ஒரு முறை மட்டும் சொன்னால் அது பாசிவ் வகை, இதற்கு உதவாது.

இணைப்பு இப்படி. டிரான்சிஸ்டரின் தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடது கலெக்டர், நடு பேஸ், வலது எமிட்டர். எமிட்டர் நேராகப் பேட்டரியின் மைனஸுக்கு. பஸ்ஸரின் பிளஸ் பேட்டரியின் பிளஸுக்கு, பஸ்ஸரின் மைனஸ் கலெக்டருக்கு. 1 கிலோ ஓமும் எல்இடியும் தொடராகச் சேர்ந்து பஸ்ஸருக்கு இணையாக வரும். எல்இடியின் நீளமான கால் பிளஸ் பக்கம். ஒரு ஸ்குரூவிலிருந்து வயர் பேட்டரி பிளஸுக்கு. இன்னொரு ஸ்குரூவிலிருந்து வயர் 10 கிலோ ஓம் வழியாகப் பேஸுக்கு. பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 100 கிலோ ஓம்.

தண்ணீர் இரண்டு ஸ்குரூவையும் தொட்டதும் அதன் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் பேஸுக்குப் போகும். டிரான்சிஸ்டர் அதை நூறு மடங்குக்கும் மேலாகப் பெருக்கும், பஸ்ஸர் கத்தும். பஸ்ஸருக்கும் எல்இடிக்கும் சேர்த்து 20 மில்லி ஆம்பியர் வேண்டும், பெருக்கம் 200 என்று வைத்தால் பேஸுக்கு 0.1 மில்லி ஆம்பியர் போதும். 9 வோல்டில் பேஸ் எடுத்துக்கொள்ளும் 0.7 போக மிச்சம் 8.3, அதை 0.1 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 83 கிலோ ஓம். நம் 10 கிலோ ஓம் போக, தண்ணீரின் தடை 70 கிலோ ஓமுக்குள் இருந்தால் அலாரம் நன்றாகக் கத்தும் என்று கணக்கு சொல்கிறது. உப்பு கலந்த போர்வெல் தண்ணீருக்கு இது பிரச்சினையே இல்லை. மழைத்தண்ணீர் பிடித்த வாளியில் சத்தம் மெலிந்தால் ஸ்குரூக்களை நெருக்கி வைக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பாக இருந்தால் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுவிட்டு, பிறகு மூன்று வகைத் தண்ணீரில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாடியிலிருந்து சமையலறை வரை 15 மீட்டர் வயர் இழுத்தால் தடை கூடாதா என்று யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டும். போக வர 30 மீட்டர் செம்புக் கம்பிக்கு இரண்டு மூன்று ஓம் வரும். ஆயிரக்கணக்கான ஓமுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

100 கிலோ ஓம் எதற்கு என்பதையும் சொல்லிவிடுங்கள், பல படங்களில் அதைப் போடுவதில்லை. மாடியில் வயர் ஒட்டிய இடம் பனியில் ஈரமானால் கொஞ்சம் மின்னோட்டம் கசிந்து, ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் முனகும். இந்த ரெசிஸ்டர் அந்தக் கசிவை மைனஸுக்குத் திருப்பிவிடும்.

வேலை செய்யாத போர்டைத் தேட ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பேட்டரியை மீட்டரால் அளக்க வேண்டும். அடுத்து பஸ்ஸரை நேராகப் பேட்டரியில் தொட வேண்டும், திருப்பி மாட்டினாலும் அது கத்தாது. அடுத்து டிரான்சிஸ்டரின் எழுத்து: பிசி 557 பார்க்க அச்சு அசலாக அப்படியேதான் இருக்கும், ஆனால் எதிர்வகை, கடைக்காரர் மாற்றிக் கொடுத்திருக்கலாம். அடுத்து ரெசிஸ்டர்கள். பழுப்பு–கருப்பு–ஆரஞ்சு 10 கிலோ ஓம், பழுப்பு–கருப்பு–மஞ்சள் 100 கிலோ ஓம். இரண்டும் இடம் மாறிவிட்டால் பேஸுக்குப் போக வேண்டிய மின்னோட்டத்தில் பெரும்பகுதி மைனஸுக்கு ஓடிவிடும், சத்தம் வராது அல்லது கொசு மாதிரி வரும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஆரஞ்சும் மஞ்சளும் குழப்பும். மீட்டரால் அளந்துவிடுவது நல்லது. கடைசியாக பிரெட்போர்டு. சில போர்டுகளில் ஓரத்து பிளஸ், மைனஸ் கோடுகள் நடுவில் துண்டாகி இருக்கும். மேல்பாதியில் பேட்டரி, கீழ்ப்பாதியில் சர்க்யூட் என்றால் எவ்வளவு தேடினாலும் தவறு தெரியாது.

பிரெட்போர்டில் ஓடியபின் டாட் போர்டுக்கு (துளைகளைச் சுற்றிச் செம்புப் புள்ளிகள் உள்ள பலகை) மாற்றிச் சால்டர் செய்யலாம். ஜன்னலோர டெஸ்க், நாலு அயர்ன், ஒரு நேரத்தில் நாலே பேர், கண்ணாடி கட்டாயம். மற்றவர்கள் அந்த நேரத்தில் பெட்டி வேலை பார்க்கட்டும். அயர்ன் நுனியால் போர்டின் செம்பையும் பாகத்தின் காலையும் சேர்த்து இரண்டு மூன்று வினாடி சூடாக்கி, ஈயத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து கொடுக்க வேண்டும். நுனியில் ஈயத்தை எடுத்துக்கொண்டு போய்த் தடவினால் அதற்குள் ஃபிளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பிசின்) எரிந்துபோய், மங்கலான உருண்டையாக உட்காரும். தொட்டால் நிற்கும், ஆட்டினால் விட்டுவிடும். நல்ல ஒட்டு பளபளப்பாக, எரிமலை வடிவில் சரிந்திருக்கும். சாதாரண 60/40 சால்டர் கம்பியில் ஈயம் இருப்பதால் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் டிபன் பாக்ஸைத் திறக்கக் கூடாது. சுட்டுக்கொண்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, மை எதுவும் தடவக் கூடாது. அயர்ன் செருகும் எக்ஸ்டென்ஷன் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) உள்ள லைனில் இருக்கட்டும்.

பிள்ளைகள் கை வைக்கும் எதிலும் 230 வோல்ட் வரக் கூடாது. அலாரத்தோடு ரிலே (சின்ன மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) சேர்த்து மோட்டாரையே நிறுத்தலாமே என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். யோசனையை நோட்டில் வரையச் சொல்லிப் பாராட்டுங்கள். செய்ய விட வேண்டாம். அது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை.

பெட்டிக்குச் சோப்பு டப்பா போதும். ஆனால் இந்த வேலையில் உண்மையான டிசைன் கேள்வி வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. அலாரம் கத்தியதும் அம்மா வந்து மோட்டாரை நிறுத்துகிறார். தொட்டி நிறைந்தபடியே இருக்கிறது, ஸ்குரூக்கள் தண்ணீரிலேயே இருக்கின்றன. அலாரம் கத்திக்கொண்டே இருக்கும். சுவிட்சை அணைத்துவிடுவார்; நாளைக்குப் போட மறப்பார். நாலாம் நாள் பழையபடி தண்ணீர் சுவரில் வழியும். இந்த ஓட்டையை நீங்கள் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். முதல் மாதிரியை வாளியில் சோதிக்கும்போது “இப்ப மோட்டாரை நிறுத்தியாச்சு, அப்புறம்?” என்று மட்டும் கேளுங்கள்.

பல விடைகள் வரும். அலாரச் சுவிட்சை மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே வைப்பது ஒன்று. மறதி குறையும், தீராது. இன்னொன்று ஸ்குரூக்களைத் தொட்டிக்குள் வைக்காமல் வழியும் குழாயின் வாய்க்குக் கீழே ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வைப்பது. டப்பாவின் அடியில் 2 மி.மீ. துளை. தண்ணீர் வழியத் தொடங்கியதும் டப்பா நிறைந்து அலாரம் கத்தும். மோட்டாரை நிறுத்தினால் டப்பா துளை வழியாக வடிந்து தானே அடங்கும். சுவிட்சே வேண்டாம். சில லிட்டர் வழிவது இதன் விலை. முந்நூறு லிட்டருக்கு முன்னால் அது தாங்கும். 100 மில்லி டப்பா வடிய ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். துளையைப் பெரிதாக்கினால் சீக்கிரம் அடங்கும், ஆனால் மெல்லிய வழிவுக்கு டப்பா நிறையாது. எந்த அளவு சரி என்று 1.5, 2, 3 மி.மீ. துளைகளை வைத்து வினாடி கணக்கில் அட்டவணை போட்டுப் பார்க்கட்டும். ஸ்குரூ இரண்டையும் ஒரே சுவரில் அடுத்தடுத்து வைத்தால், வடிந்தபிறகும் நடுவே ஒட்டிய ஈரப்படலம் அலாரத்தை முனக வைக்கும். எதிரெதிர்ச் சுவரில், அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் வைத்தால் படலம் அறுந்துவிடும். துளையில் பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை ஊசியால் குத்திவிட வேண்டும் என்று பயன்படுத்தும் குறிப்பையும் அவர்களே எழுதி டப்பாவில் ஒட்டட்டும்.

வெறும் செம்புக் கம்பியை ஸ்குரூவுக்குப் பதிலாக வைத்த குழு இருந்தால் இரண்டையும் ஒரு கிளாஸ் தண்ணீரில் பேட்டரியோடு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பிளஸ் பக்கத்துக் கம்பி பச்சையாகிக் கரைந்திருக்கும். மின்னோட்டம் ஒரே திசையில் போவதால் உலோகம் தண்ணீருக்குள் இறங்குகிறது. வழிவு டப்பா முறையில் ஸ்குரூக்கள் எப்போதாவதுதான் நனைவதால் இந்தத் தொல்லையும் குறைகிறது. கடின நீரின் வெள்ளைப் படிவு எவர்சில்வரிலும் ஏறும். புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும்.

உங்கள் பள்ளியில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் ஐ.டி. கிளப் யூனிட் இருந்தால் (2018 முதல் நடக்கிறது), கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் 2022 முதல் கொடுத்துவரும் ரோபோட்டிக் கிட்டும் இருக்கலாம். அதில் ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன போர்டு), பிரெட்போர்டு, எல்இடி, பஸ்ஸர், சின்ன சர்வோ மோட்டார், ஒளி சென்ஸார் எல்லாம் உண்டு. அதை ஒன்பதாம் வகுப்பின் கடைசிப் பருவத்துக்கு வையுங்கள், முதலிலேயே எடுக்காதீர்கள். டிரான்சிஸ்டர் அலாரத்தைக் கையால் செய்தபின் அதே டப்பாவை ஆர்டுயினோவில் கோர்த்தால், அளவு 0 முதல் 1023 வரை எண்ணாக வரும். காய்ந்த டப்பா, ஈர டப்பா, நிறைந்த டப்பா மூன்றுக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு எந்த எண்ணில் கத்த வேண்டும் என்று பிள்ளை முடிவெடுக்கலாம். ஸ்குரூவுக்கு மின்சாரத்தை நேராக 5 வோல்டிலிருந்து கொடுக்காமல் ஒரு டிஜிட்டல் பின்னிலிருந்து கொடுத்து, படிக்கும் நொடிக்கு மட்டும் இயக்கி அணைத்தால் அரிப்பும் நிற்கும். சின்ன மோட்டாரைக்கூட ஆர்டுயினோவின் பின்னில் நேராக மாட்ட விடாதீர்கள். ஒரு பின் தாங்குவது அதிகபட்சம் 40 மில்லி ஆம்பியர்.

மார்க்குக்கு வருவோம். 50 என்று வைத்தால் விசாரணைக்கு 10, யோசனைகளுக்கும் வரைபடத்துக்கும் 10, செய்நேர்த்திக்கு 15, சோதனைக்கும் மாற்றத்துக்கும் 15. நோட்டில் தேதி போட்டு அன்றன்றைக்கே எழுத வேண்டும். கடைசி வாரம் உட்கார்ந்து எழுதிய ‘ஃபேர் காப்பி’க்கு மார்க் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். செய்நேர்த்தியைக் கண்ணால் பார்த்துப் போடாமல் அளந்து போடுங்கள்: வரைபடத்தில் 120 மி.மீ. என்றால் பொருளில் ஒரு மில்லிமீட்டர் தள்ளாடலாம், ஐந்து தள்ளாடக் கூடாது. கடைசிவரை கத்தாத அலாரத்தைக் கொண்டுவந்த குழு, எதை எதைச் சோதித்தோம், எது காரணமில்லை என்று தெரிந்துகொண்டோம் என்று ஒழுங்காக எழுதியிருந்தால் கடைசிப் பதினைந்தில் பன்னிரண்டு கொடுக்கத் தயங்காதீர்கள். அப்படிக் கொடுக்காவிட்டால் அடுத்த வருடம் எல்லாரும் ரெடிமேட் கிட் வாங்கி ஒட்டிக்கொண்டு வருவார்கள்.

குழு மார்க்கில் ஒருவர் செய்ய மூவர் பார்க்கும் சிக்கல் வரும். வாரத்துக்கு வாரம் வரைபவர், வெட்டுபவர், அளப்பவர், எழுதுபவர் என்று பொறுப்பை மாற்றி, பெட்டியின் மூடியில் பெயர் எழுதி ஒட்டுங்கள். பெண்பிள்ளைகள் எழுத, பையன்கள் அயர்ன் பிடிக்க என்று தானாகவே பிரிந்துவிடும். இந்தச் சுழற்சி அதை உடைக்கும்.

மேளாவைப் பொறுத்தவரை, வொர்க் எக்ஸ்பீரியன்ஸ் மேளாவில் அங்கேயே உட்கார்ந்து செய்து காட்டும் போட்டிகளில் எலக்ட்ரானிக்ஸும் உண்டு. சால்டரிங் பழகிய கைக்கு அது நேராக உதவும். அறிவியல் மேளாவின் வொர்க்கிங் மாடலுக்கு டப்பா அலாரத்தைக் கொண்டுபோகலாம். கொண்டுபோனால் முடிந்த பொருளோடு கத்தாத முதல் மாதிரியையும், கரைந்த செம்புக் கம்பியையும், துளை அட்டவணையையும் அதே மேசையில் வையுங்கள். நடுவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் “இது ஏற்கெனவே கடையில் கிடைக்கிறதே?” என்பதுதான். அந்தக் கேள்விக்கு வாளி வைத்து அளந்த கணக்கையும், வீட்டில் அம்மாவைக் கேட்டு எழுதிய பக்கத்தையும் பிள்ளையே திறந்து காட்டட்டும். ஸ்டாலில் தண்ணீர் ஊற்றிக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் ஒரு பெரிய தட்டும், துடைக்கத் துணியும், புது 9 வோல்ட் பேட்டரி ஒன்றும் எடுத்துக்கொண்டு போங்கள்.